நாற்காலிகளை எண்ணியது போதும்



2024 ஜூன் 4, செவ்வாய்க்கிழமை. மஃரிபுக்குப் பின் மக்தபுக்கு ஓத வந்த பிள்ளைகளின் கவனம் அன்று பாடத்தில் இல்லை. தெருமுனையில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. பள்ளிவாசல் வாயிலில் யாரோ இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தார்கள். பாடத்தின் நடுவில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஹஜ்ரத், நாம ஜெயிச்சிட்டோமா?" என்று கேட்டான்.

நாம் அவனுக்கு உடனே விடை சொல்லவில்லை. "ஓது" என்று மட்டும் சொல்லி அமர்த்தினோம். நாட்கள் கடந்துவிட்டன. ஹஜ்ஜுப் பெருநாளும் வந்து போய்விட்டது. 18ஆவது மக்களவை 2024 ஜூன் 24 அன்று கூடியது. அந்தச் சிறுவனின் கேள்வி மட்டும் நம்மை விட்டு அகலவில்லை. அவன் 'நாம்' என்று சொன்னானே, அந்த நாம் யார்? வென்றது எது? இதைச் சமுதாயத்தின் முன் வெளிப்படையாகப் பேச வேண்டிய கடமை இருப்பதாக உணர்வதால் எழுதுகிறோம். சிலருக்குக் கசக்கும். கசப்பதற்காக உண்மையை ஒளித்துவைக்க முடியாது.

நடந்தது என்ன?

முதலில் நடந்ததை நேர்மையாகப் பதிவு செய்வோம். பத்தாண்டுகள் ஆண்ட கட்சி, இம்முறை கூட்டணிக்கு 400, தனக்கு மட்டும் 370 என்று இலக்கு அறிவித்துக் களமிறங்கியது. ஜூன் 1 மாலை வெளியான வாக்குக்கணிப்புகள் பல 350க்கு மேல் அளித்தன. சில 400ஐத் தொட்டன. அன்றிரவு நம் வீடுகளில் நிலவிய மௌனத்தை நாம் அறிவோம். பிள்ளைகளை வளைகுடாவுக்கு நிரந்தரமாக அனுப்பிவிடலாமா என்று பேசிய பெற்றோர்களையும் அறிவோம்.

மூன்று நாட்களில் அந்தக் கணிப்புகள் அனைத்தும் பொய்த்தன. 2019இல் 303 இடங்கள் பெற்ற பாஜக 240இல் நின்றது. ஆட்சி அமைக்க 272 தேவை. கூட்டணியின் 293ஐக் கொண்டுதான் அது மீண்டும் ஆட்சியில் அமர்ந்திருக்கிறது. எதிரணி 234 பெற்றது. காங்கிரஸ் மட்டும் 99. வாரணாசியில் 2019இல் 4,79,505 வாக்கு வேறுபாட்டில் வென்ற பிரதமர், இம்முறை 1,52,513 வாக்கு வேறுபாட்டில் வென்றார். கணிப்பு நிறுவனம் ஒன்றின் தலைவர் தொலைக்காட்சி நேரலையிலேயே கண் கலங்கினார். அந்தக் காணொளி நம் குடும்பக் குழுக்கள் எல்லாவற்றிலும் எத்தனை முறை பகிரப்பட்டது என்பதை வாசகர்கள் தங்கள் கைப்பேசியிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

ஆட்சியை அல்லாஹ் தான் நாடியவர்க்கு வழங்குகிறான், தான் நாடியவரிடமிருந்து பறிக்கிறான் என்பது ஆலு இம்ரான் அத்தியாயம் (3:26) நமக்குக் கற்பிக்கும் பாடம். காலத்தின் நாட்கள் மக்களிடையே சுழற்றப்படுகின்றன என்பதும் அதே அத்தியாயத்தின் பாடம்தான் (3:140). ஆணவத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை ஜூன் 4 நமக்குக் காட்டியது. அதற்காக அல்லாஹ்வைப் புகழ்வோம். அதில் நமக்கு மறுப்பில்லை. நம் மறுப்பு அதற்குப் பின் நடந்தவற்றின் மீது.

வெற்றியைத் தந்தவர்கள் யார்?

"முஸ்லிம்களின் ஒற்றுமை வாக்கு பாசிசத்தைத் தடுத்து நிறுத்தியது" என்று மேடைகளில் முழங்குகிறார்கள். நம் மக்கள் வாக்களித்தார்கள், அது மெய். தமிழகத்தில் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. நோன்புப் பெருநாள் முடிந்து எட்டே நாட்கள். ஆயினும் காலையிலேயே வாக்குச்சாவடிக்குச் சென்றுவிட்டு ஜும்ஆவுக்கு வந்த மக்களை நாம் கண்டோம். அந்தப் பொறுப்புணர்வு பாராட்டுக்குரியது. ஆனால் கணக்கு அத்துடன் முடிகிறதா?

ராமர் கோயில் திறக்கப்பட்டது ஜனவரி 22இல். அயோத்தி நகரம் அடங்கிய ஃபைசாபாத் தொகுதியில் ஐந்து மாதங்களுக்குள் பாஜக தோற்றது. வென்றவர் சமாஜ்வாதி கட்சியின் அவதேஷ் பிரசாத். பொதுத் தொகுதியில் நிறுத்தப்பட்ட தலித் தலைவர். சாலை அகலப்படுத்தலுக்காகக் கடைகளையும் வீடுகளையும் இழந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அரசியல் சாசனத்தை மாற்றப் பெரும்பான்மை வேண்டும் என்று அத்தொகுதியின் பாஜக வேட்பாளரே பேசியதைக் கேட்டு, அண்ணல் அம்பேத்கர் தந்த உரிமை போய்விடுமோ என்று அஞ்சிய தலித் மக்களும் இருந்தார்கள். மாநிலம் முழுதும் வேலையின்மையால் நொந்த இளைஞர்கள் இருந்தார்கள். வினாத்தாள் கசிந்ததால் உத்தரப் பிரதேசக் காவலர் தேர்வு பிப்ரவரியில்தான் ரத்தாகியிருந்தது. அந்த மாநிலத்தின் 80 இடங்களில் பாஜகவுக்கு 33 மட்டுமே கிடைத்தன. சமாஜ்வாதிக்கு 37.

ராஜஸ்தானின் பன்ஸ்வாராவை நாம் மறக்க முடியுமா? ஊடுருவியவர்கள் என்றும் அதிகப் பிள்ளைகள் பெறுவோர் என்றும் குறிப்பிட்டு, மக்களின் செல்வத்தைக் காங்கிரஸ் அவர்களுக்குப் பங்கிட்டுவிடும் என்று பிரதமர் ஏப்ரல் 21 அன்று பேசியது அந்த ஊரில்தான். அந்தச் சொற்கள் யாரைச் சுட்டின என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். அத்தொகுதி மக்களின் விடை என்ன? பெரிதும் பழங்குடியினர் வாழும் அத்தொகுதி, பாஜகவைத் தோற்கடித்து, பாரத் ஆதிவாசி கட்சியின் இளைஞர் ஒருவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது.

இவர்கள் யாரும் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். நம்மைக் காட்டி அவர்களை அச்சுறுத்தினார்கள். அவர்கள் அஞ்ச மறுத்தார்கள். தம் வயிற்றையும், தம் நிலத்தையும், தம் பிள்ளைகளின் வேலையையும் எண்ணி வாக்களித்தார்கள். மனிதர்களுக்கு நன்றி பாராட்டாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவர் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அப்படியாயின் ஜூன் 4க்குப் பின் நம் முதல் வேலை, இந்தத் தலித், பழங்குடி, உழவர் மக்களின் துயரங்களில் நாமும் பங்கேற்பது எப்படி என்று யோசிப்பதாக இருந்திருக்க வேண்டும். நம் ஊரிலேயே கடைக்கோடித் தெருவில் குடிநீருக்குத் தவிக்கும் தலித் குடும்பத்தின் வீட்டு வாசலை நாம் எத்தனை முறை மிதித்திருக்கிறோம்? ஆனால் நாம் நம் முதுகை நாமே தட்டிக்கொண்டோம்.

மகிழ்வது குற்றமா?

"ஆபத்து விலகியதற்கு மகிழக்கூடவா கூடாது?" என்று நண்பர்கள் நம்மிடம் சினந்து கேட்கிறார்கள். அர்ரூம் அத்தியாயத்தின் தொடக்கத்தை (30:2-5) நமக்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். நல்ல ஆதாரம்தான். வேதம் வழங்கப்பட்ட ரோமானியர்கள் பாரசீகர்களிடம் தோற்றபோது மக்காவின் முஸ்லிம்கள் மனம் வருந்தினார்கள். சில ஆண்டுகளில் ரோமானியர்கள் வெல்வார்கள், அந்நாளில் முஃமின்கள் மகிழ்வார்கள் என்று அல்லாஹ் முன்னறிவித்தான். ஆகவே, தம்மைச் சேராத ஒரு தரப்பின் வெற்றியில் முஃமின்கள் மகிழ்ந்ததற்கு மார்க்கத்தில் இடம் உண்டு. இதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் ஆதாரத்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. அந்த வெற்றிச் செய்தி பத்ருப் போர்க்காலத்தை ஒட்டி வந்ததாக விரிவுரையாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முன்னறிவிப்புக்கும் அது நிறைவேறியதற்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் முஃமின்கள் எங்கே இருந்தார்கள்? ரோமப் பேரரசர் எப்போது படை திரட்டுவார், எந்தத் தளபதி அணி மாறுவார் என்று மக்காவின் திண்ணைகளில் அமர்ந்து ஆரூடம் சொல்லிக்கொண்டிருந்தார்களா? அகபாவில் உடன்படிக்கை செய்தார்கள். ஹிஜ்ரத் சென்றார்கள். மதீனாவில் பள்ளிவாசல் கட்டினார்கள். முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் சகோதரர்களாக இணைத்தார்கள். யூதக் குலங்களுடன் ஒப்பந்தம் எழுதினார்கள். தம் கடமையைச் செய்துகொண்டிருந்தவர்களிடம் பிறரின் வெற்றிச் செய்தி வந்தது. மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சிக்கு அவர்கள் தகுதி பெற்றிருந்தார்கள். நாம் எந்தக் கடமையின் நடுவில் இருந்தபோது ஜூன் 4 நம்மை வந்தடைந்தது?

ஆரூடத் திருவிழா

பட்டாசுச் சத்தம் ஓய்ந்ததும் தொடங்கியது அடுத்த திருவிழா. யார் தலைவர், யார் எந்த நாற்காலியில் என்ற பேச்சு. சந்திரபாபு நாயுடுவிடம் 16, நிதிஷ் குமாரிடம் 12; இருவரும் இந்தப் பக்கம் வந்தால் என்ன ஆகும் என்று தேநீர்க் கடைகளில் கூட்டல் கழித்தல் நடந்தது. அப்போது பாஜக தலைவராக இருந்த நட்டாவின் பதவிக்காலம் 2024 ஜூன் இறுதியில் முடியவிருந்தது, அவர் அமைச்சராகவும் ஆகிவிட்டார், அடுத்த தலைவர் யார் என்று நம் ஆலிம்களே அலசினார்கள். எதிரணி பிரதமர் வேட்பாளரை அறிவிக்காமலே தேர்தலைச் சந்தித்தது. எதிர்க்கட்சித் தலைவர் பொறுப்பை ராகுல் காந்தி ஏற்பாரா மாட்டாரா என்று நம் இளைஞர்கள் இரவெல்லாம் விவாதித்தார்கள். ஆணவம் கூடாது என்று ஆர்எஸ்எஸ் தலைவர் ஜூன் 10 அன்று நாகபுரியில் பேசியதைக்கூட நம்மவர்கள் நற்செய்தியாகப் பகிர்ந்தார்கள். நம் நம்பிக்கை எங்கே போய் அடைக்கலம் தேடுகிறது பாருங்கள்!

நாயுடுவும் நிதிஷும் நமக்குக் காவலர்களா? வரலாற்றைப் புரட்டுவோம். 2002 குஜராத் படுகொலைக்குப் பின் அம்மாநில முதல்வரை நீக்க வேண்டும் என்று குரல் கொடுத்தவர் நாயுடு. நீக்கப்படவில்லை. ஆயினும் வாஜ்பாய் அரசுக்கு அளித்த ஆதரவை அவர் விலக்கிக்கொள்ளவில்லை. 2018இல் கூட்டணியை விட்டு விலகினார், 2024இல் திரும்பினார். நிதிஷ் 2013இல் விலகினார்; 2017இல் திரும்பினார்; 2022இல் மீண்டும் விலகினார். 2023 ஜூனில் எதிர்க்கட்சிகளின் முதல் கூட்டத்தைப் பாட்னாவில் கூட்டியவரே 2024 ஜனவரியில் மறுபடியும் அணி மாறினார். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்த கட்சி அவருடையது. இவர்களை நாம் இகழவில்லை. தத்தம் மாநிலத்துக்கும் தத்தம் கட்சிக்கும் எது ஆதாயமோ அதைச் செய்கிறார்கள். அவர்கள் நமக்கு எந்த வாக்குறுதியும் தரவில்லை. தராத வாக்குறுதியை நம்பிக் காத்திருப்பது நம் தவறே தவிர அவர்களுடையது அன்று.

நாம் ஆரூடம் சொல்லிக்கொண்டிருந்தபோது

இந்த நாட்களில் வேறு சிலவும் நடந்தன. ஜூன் 7 அதிகாலை, சத்தீஸ்கரின் ராய்ப்பூர் மாவட்டத்தில், கால்நடைகளை ஏற்றிச் சென்ற லாரி துரத்தப்பட்டது. அதில் இருந்த உத்தரப் பிரதேச முஸ்லிம்கள் இருவர் அன்றே உயிரிழந்தார்கள். மூன்றாமவர் மருத்துவமனையில் சில நாட்கள் போராடி இறந்தார். பெருநாளுக்கு ஓரிரு நாட்கள் முன், மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லாவில், குளிர்சாதனப் பெட்டியில் மாட்டிறைச்சி இருந்ததாகக் கூறப்பட்டதைத் தொடர்ந்து 11 வீடுகள் இடிக்கப்பட்டன. அரசு நிலத்தில் கட்டப்பட்டவை என்பது சொல்லப்பட்ட காரணம். 240 இடங்களாகக் குறைந்த பிறகும் புல்டோசர் ஓடுகிறது. கண் கலங்கிய கணிப்பாளரின் காணொளியைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் இந்தச் செய்திகளைப் பகிர்ந்தார்கள்? எத்தனை பள்ளிவாசல்களில் அந்த மூவருக்காகக் கை ஏந்தினோம்?

ஜூன் 9 அன்று பிரதமருடன் சேர்த்து 72 பேர் அமைச்சர்களாகப் பொறுப்பேற்றார்கள். அவர்களில் ஒரு முஸ்லிம்கூட இல்லை. "பாஜகவிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது?" என்று கேட்டுக் கடந்துவிடுகிறோம். சரி, எதிரணியைப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாம் நாட்டில் ஏறத்தாழ 14 சதவீதம். 2024இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மக்களவையின் 543 உறுப்பினர்களில் முஸ்லிம்கள் 24 பேர். 2019இல் 26. 1980இல் 49. "அரசியல் சாசனம் காக்கும் அணி" பெரிதாக வளர்ந்த தேர்தலில் நம் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தின் 48 தொகுதிகளில் அந்த அணி ஒரு முஸ்லிமைக்கூட நிறுத்தவில்லை. அதை எதிர்த்து அம்மாநிலக் காங்கிரஸின் முஸ்லிம் தலைவர் ஒருவரே பரப்புரைப் பொறுப்பைத் துறந்தார். ஆனாலும் மும்பை முஸ்லிம்கள், 1992-93 கலவரத்தின் வடுக்களை நெஞ்சில் சுமந்துகொண்டே, உத்தவ் தாக்கரேயின் சிவசேனாவுக்கு வாக்களித்தார்கள். பெரிய தீமையைத் தடுக்க அப்படிச் செய்தார்கள். நாம் குறை கூறவில்லை. நாம் கேட்பது ஒன்றே: அந்த வாக்குக்குப் பதிலாக எதை எழுதி வாங்கினோம்?

தமிழகத்துக்கு வருவோம். இங்கே நாம் 5.86 சதவீதம். 39 தொகுதிகளையும் ஒரே அணி வென்றது. அவற்றில் முஸ்லிம் ஒருவர். ராமநாதபுரத்தில் முஸ்லிம் லீக்கின் நவாஸ்கனி. முஸ்லிம் உறுப்பினர் எண்ணிக்கை ஒன்றே நீதி ஆகிவிடாது என்பதை அறிவோம். நமக்காக நியாயம் பேசும் பிற சமய உறுப்பினர் ஒருவர், வாய் திறவாத முஸ்லிம் உறுப்பினரைவிட மேலானவர். ஆனால் எண்ணிக்கையும் கேட்காமல், பேச்சையும் கேட்காமல், எதையும் கேட்காமல் வாக்களித்துவிட்டு இனிப்பு வழங்கும் சமுதாயத்தை எந்தக் கட்சி மதிக்கும்? வேறு போக்கிடம் இல்லாதவர் என்று நம்மைப் பற்றி எல்லாக் கட்சிகளும் முடிவு செய்துவிட்டன. அந்த முடிவுக்குக் கையொப்பம் இட்டவர்கள் நாம்.

உஹதின் இரண்டு பாடங்கள்

உஹதுக் களத்தை நினைவுகூர்வோம். கணவாய்க் குன்றின் மீது 50 வில்லாளிகளை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நிறுத்தினார்கள். அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களின் தலைமை. வென்றாலும் தோற்றாலும் இடத்தை விட்டு அகலக் கூடாது என்பது கட்டளை. எதிரிகள் பின்வாங்குவதைக் கண்டதும் வில்லாளிகளில் பெரும்பாலோர் வெற்றி கிடைத்துவிட்டது என்று எண்ணிக் குன்றை விட்டு இறங்கினார்கள். அந்த வழியாகவே எதிரியின் குதிரைப்படை திரும்பி வந்தது. தோல்வி வந்தது பகைவரின் வலிமையால் அன்று. வெற்றி என்று எண்ணிய நொடியில் கைவிடப்பட்ட காவலால் வந்தது. ஜூன் 4 அன்று தெருமுனையில் வெடித்த பட்டாசின் ஒலியில் நமக்குக் கேட்டது, குன்றை விட்டு இறங்கிய அந்தக் காலடிகளின் ஓசை.

இரண்டாவது பாடம் இன்னும் கடுமையானது. அந்தக் குழப்பத்தில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. தலைவர் இல்லை என்று கேட்டதும் சிலர் ஆயுதத்தைக் கீழே போட்டு அமர்ந்துவிட்டார்கள். அவர்களைக் கண்ட அனஸ் இப்னு நள்ர் (ரலி) அவர்கள், அண்ணலார் எந்த இலட்சியத்துக்காக உயிர் நீத்தார்களோ அதற்காகவே எழுந்து நீங்களும் உயிரைக் கொடுங்கள் என்று கூறிக் களத்தில் புகுந்தார்கள், ஷஹீதானார்கள். முஹம்மது ஒரு தூதரே, அவர் இறந்தாலோ கொல்லப்பட்டாலோ நீங்கள் வந்த வழியே திரும்பிவிடுவீர்களா என்று அல்லாஹ் கண்டித்துக் கேட்ட வசனம் (3:144) இதையொட்டி அருளப்பட்டது. படைப்புகளில் சிறந்தவரின் இன்மைகூடக் கடமையைக் கைவிடுவதற்குக் காரணம் ஆகாது. அப்படியிருக்க, டெல்லியில் எந்தக் கட்சிக்கு யார் தலைவர் என்று தெளிவாகும்வரை நம் காரியங்களை ஒத்திவைக்க நமக்கு யார் அனுமதி தந்தது?

நம் வீட்டின் தலைமை

கட்சிகளின் தலைமைக் குழப்பத்தைப் பார்த்து நகைக்கிறோம். 2019 தோல்விக்குப் பின் தலைவர் பதவியை ராகுல் காந்தி துறந்ததும், காங்கிரஸ் மூன்றாண்டுகளுக்கு மேல் இடைக்கால ஏற்பாட்டிலேயே ஓடியதை ஏளனம் செய்தோம். ஒரு மனிதரின் முகத்தை மட்டுமே நம்பி வாக்குக் கேட்ட பாஜகவின் நிலையையும் ஏளனம் செய்கிறோம். நம் வீட்டுக்குள் திரும்பிப் பார்ப்போமா?

எத்தனை ஜமாஅத்களில் முத்தவல்லி பதவி தந்தை விட்டுச் சென்ற நிலம்போல மகனுக்குப் போகிறது? எத்தனை ஊர்களில் நிர்வாகத் தகராறு நீதிமன்றப் படியேறி, பள்ளிவாசல் பூட்டில் வந்து நிற்கிறது? ஓர் அமைப்பின் தலைவருக்கும் செயலாளருக்கும் மனக்கசப்பு வந்தால் அடுத்த மாதமே புதிய அமைப்பு, புதிய கொடி, புதிய நாளிதழ் விளம்பரம். ஒரே தெருவில் இரண்டு பெருநாள் தொழுகைகள். தேர்தல் நெருங்கும்போது அத்தனை அமைப்புகளும் தனித்தனியே கட்சி அலுவலக வாசலில் சால்வையுடன் நிற்கின்றன. அங்கே அமர்ந்திருப்பவர் நம்மை ஒரு சமுதாயமாகவா காண்பார்? பங்கிட்டுத் தீர்க்க எளிதான பல கூட்டங்களாகவே காண்பார்.

இப்படியே எப்போதும் இருந்தோமா? இல்லை. 1947இல் நாடு பிரிந்தது. பழைய முஸ்லிம் லீகின் பெருந்தலைவர்கள் பலர் எல்லை கடந்து சென்றுவிட்டார்கள். இங்கே எஞ்சிய கோடிக்கணக்கான முஸ்லிம்கள் அய்யத்துக்கு ஆளாகி, தலைமையற்று நின்றார்கள். அதைவிடக் கொடிய தலைமை வெறுமை இந்நாட்டில் எந்தச் சமுதாயத்துக்கும் வந்திருக்குமா? அந்த நாளில்தான், 1948 மார்ச் 10 அன்று, சென்னையில் இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் கட்டடத்தில், காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கை நிலைநிறுத்தினார்கள். அரசியல் நிர்ணய சபையில் முஸ்லிம் தனியார் சட்டத்துக்குப் பாதுகாப்பு கேட்டுத் திருத்தம் கொண்டுவந்தார்கள். அது ஏற்கப்படவில்லை. ஆனால் அவர்கள் வாதாடியது அவைக்குறிப்பில் இன்றும் இருக்கிறது. அதே சபையில் தமிழுக்காகவும் குரல் கொடுத்தார்கள். கேரளத்தின் மஞ்சேரி மக்கள் இந்தத் தமிழரை 1962, 1967, 1971 என மூன்று முறை மக்களவைக்கு அனுப்பினார்கள். டெல்லியில் யார் தலைவர் ஆகிறார் என்று பார்த்த பின் பேசுவோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இந்தத் தேர்தலிலேயே நம் மக்கள் தந்த இன்னொரு பாடமும் உண்டு. அசாமின் துப்ரியில் 2009 முதல் மூன்று முறை தொடர்ந்து வென்றவர் பத்ருத்தீன் அஜ்மல். செல்வரும் செல்வாக்கு மிக்கவருமான ஒரு முஸ்லிம் கட்சியின் நிறுவனத் தலைவர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அத்தொகுதி, காங்கிரஸின் ரகீபுல் ஹுசைனிடம் அவரைப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் தோற்கச் செய்தது. நம்மவர் என்ற ஒன்றே தலைமைக்குப் போதாது என்று அந்த எளிய மக்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நம் அமைப்புகளின் தலைவர்கள் அந்த எண்ணிக்கையை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்கட்டும்.

மார்க்கம் தலைமைக்கு வைத்த அளவுகோல் என்ன? அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் கலீஃபா பொறுப்பேற்றதும் மக்கள் முன் நின்று, தாம் உங்களில் சிறந்தவர் அல்லர் என்றும், நேராக நடந்தால் துணை நில்லுங்கள், தவறினால் திருத்துங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்கள். அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்க அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:58). முஃமின்களின் காரியங்கள் அவர்களிடையே கலந்தாலோசித்து நடப்பவை என்கிறான் (42:38). ஆண்டுக்கு ஒருமுறை கணக்கை வாசித்துக் காட்டவும், கேள்வி கேட்பவரை எதிரியாகக் கருதாமல் இருக்கவும் தயாராக உள்ள நிர்வாகம் நம்மிடம் எத்தனை?

இனிச் செய்ய வேண்டியவை

குறை மட்டும் கூறி முடிப்பது நம் நோக்கம் அன்று. இவற்றைத் தொடங்க டெல்லியில் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

முதலாவது, வாக்காளர் பட்டியல். வாக்குப்பதிவு நாளன்று "என் பெயர் இல்லை" என்று கலங்கி நின்ற பெண்களைக் கண்டோம். மணமாகிப் புகுந்த ஊர் வந்த பின் முகவரி மாற்றாதவர்களே மிகுதி. அதற்குப் படிவம் 8 போதும். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. 17 வயது நிறைந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகள் அங்கிருந்து வாக்களிக்கச் சட்டத்தில் இன்னும் வழியில்லை; பட்டியலில் பெயர் இருந்தாலும் நேரில் வந்தாக வேண்டும். இதற்கு ஒரு தீர்வு கேட்டு நம் அமைப்புகள் எத்தனை மனுக்கள் அளித்திருக்கின்றன? தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பு அன்று, இந்த மாதமே ஒவ்வொரு மஹல்லாவும் வீடு வீடாகப் பட்டியலைச் சரிபார்க்கட்டும்.

இரண்டாவது, கேட்டுப் பெறுதல். தமிழகத்தில் 2007இல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைத்தது. பல்லாண்டுக் காலக் கோரிக்கையின் கனி அது. இன்று அதன் கீழ் எத்தனை இடங்கள் நிரம்பின, எத்தனை நழுவின என்று கணக்குக் கேட்பவர் உண்டா? அடுத்து சட்டமன்றத் தேர்தல் வரும். அதற்குள், சமுதாயத்தின் எல்லா அமைப்புகளும் ஒரே தாளில் ஐந்து கோரிக்கைகளை எழுதிக் கையொப்பமிட முடியாதா? அதைக்கூடச் செய்ய முடியாதவர்கள் தொகுதிப் பங்கீட்டைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர்கள்.

மூன்றாவது, ஜமாஅத்தில் மஷூரா. இளைஞர்களுக்கும் பெண்களின் கருத்துக்கும் அதில் இடம் வேண்டும். ஹுதைபியாவில் தோழர்கள் மனமுடைந்து நின்றபோது, அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஆலோசனையை ஏற்றே அண்ணலார் (ஸல்) அவர்கள் முதலில் குர்பானி கொடுத்துத் தலைமுடி களைந்தார்கள். அந்த ஸுன்னத்தை நாம் எங்கே தொலைத்தோம்?

"இது விமர்சிக்கும் நேரமா? ஒற்றுமையைக் குலைக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு நம் விடை இது: தோற்றபோது மனம் புண்படும் என்றீர்கள், வென்றபோது மகிழ்ச்சி கெடும் என்கிறீர்கள். பிறகு எந்த நேரத்தில்தான் பேசுவது? ஒரு சமுதாயம் தன்னிடம் உள்ளதைத் தானே மாற்றிக்கொள்ளாதவரை அல்லாஹ் அதன் நிலையை மாற்றுவதில்லை (13:11). இந்த வசனத்தை நம் மேடைகளில் ஓதாத பேச்சாளர் இல்லை. அதை நம்பி நடப்பவர் யார்?

அந்தச் சிறுவனிடம் திரும்புவோம். அடுத்த பாடத்தில் அவனுக்கு நாம் இப்படித்தான் சொல்லவிருக்கிறோம்: மகனே, நாம் ஜெயிக்கவில்லை. நம்மை அறியாத, நாமும் அறிய முயலாத பல எளிய மக்கள் தங்கள் துயரத்தின் காரணமாக நமக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தந்திருக்கிறார்கள். அந்த அவகாசம் நம் கையில் உள்ள அமானிதம். நீ ஓது, படி, பதினெட்டு வயதானதும் உன் பெயரைப் பட்டியலில் சேர், உன் ஊர்ப் பள்ளிவாசலின் கணக்கைக் கேள், உன் தெருவின் கடைசி வீட்டு ஏழையை, அவன் எந்தச் சமயத்தவனாக இருந்தாலும், பெயர் சொல்லி அறிந்துகொள். பிறகு இந்தக் கேள்வியை மறுபடியும் கேள்.

யா அல்லாஹ்! கிடைத்த அவகாசத்தை வீணடித்தவர்களின் கூட்டத்தில் எங்களை ஆக்கிவிடாதே. அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களுக்கு அருள் புரிவாயாக. வீடிழந்தவர்களுக்குக் கூரையைத் தருவாயாக. எங்கள் பொறுப்புகளை அவற்றுக்குத் தகுதியானவர்களிடம் ஒப்படைக்கும் துணிவை எங்களுக்குத் தந்தருள்வாயாக. ஆமீன்.